காற்றில்லாத நான்கு நாட்கள்

கருஞ்சேற்று ஓடை வாத்து வேட்டை முகாமில் அந்த வசந்தத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மோயிஸின் மகன் இக்னாஸ். அவன் மனைவி ஃபிலோமின். அவர்கள் மகள் லோரெட்டா. என் மாமன் மகள் அகதா. இக்னாஸின் தங்கை செலெஸ்தின். பிறகு நான், எலியாஸ். ஆறு பேர். ஒரு கிழட்டு நாயும் உண்டு. வேறு யாரும் அங்கே இல்லை. கடை வாசலில் நின்றுகொண்டு அந்த முகாமை நேரில் பார்த்ததுபோலப் பேசுகிறவர்கள் அன்றைக்கு நாற்பது மைல் தள்ளி ஊரில் இருந்தார்கள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மே மாதத்தின் முதல் வாரம். ஆற்றின் மேல் பனிக்கட்டி இன்னும் கிடந்தது, ஆனால் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. வெள்ளையாக இருக்கும்வரை அதை நம்பலாம். சாம்பல் நிறம் வந்துவிட்டால் காலையில் மட்டும் நம்பலாம். கறுத்துவிட்டால் நம்பக் கூடாது. விரிகுடாவை ஒட்டிய சதுப்பில் பனி விலகி, போன வருஷத்துப் புல் பழுப்பாகத் தலை காட்டியது. அந்தப் புல்லுக்காகத்தான் காட்டு வாத்துகள் தெற்கிலிருந்து வருகின்றன. அவற்றுக்காகத்தான் நாங்களும் வருஷா வருஷம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறோம். என் அப்பா கூடாரம் அடித்த அதே மேட்டில்தான் இன்றும் எங்கள் கூடாரம் நிற்கிறது. முன்பெல்லாம் அந்த மேட்டில் ஒன்பது கூடாரங்கள் இருக்கும். விடிகாலையில் ஒன்பது புகைபோக்கிகளிலிருந்தும் புகை எழும்பும்போது, எந்தப் புகை யார் வீட்டுடையது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். தொண்ணூற்றொன்பதில் இரண்டே கூடாரங்கள். படுக்க ஒன்று, சமைக்க ஒன்று.

செலெஸ்தினை இக்னாஸ் தன் பனிவண்டியின் பின்னால் கட்டிய சறுக்குப் பலகையில் உட்காரவைத்து அழைத்து வந்தான். ஐந்து மணி நேரப் பயணம். வாத்திறகுப் போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது. இறங்கி நின்றபோது கால்கள் மரத்துப்போய்த் தள்ளாடினாள். யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. நாற்பது வயது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், பாதி நரை. நெற்றியும் நடையும் அப்படியே என் அண்ணன் மோயிஸ்.

நான்கு வயதில் போனவள். அவள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இருமியதால் தெற்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். குணமானதும் திருப்பி அனுப்பவில்லை. சோளம் விதைக்கிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் கொடுத்து, பெயரையும் மாற்றிவிட்டார்கள். அங்கே வளர்ந்து, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற வேலையில் இருந்தாள். எங்கள் க்ரீ மொழியில் ஒரு சொல் தெரியாது. லோரெட்டாதான் மூன்று வருஷம் கடிதம் எழுதி எழுதி அவளைக் கண்டுபிடித்தாள். அதற்குள் மோயிஸும் போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணியும் போய்விட்டாள்.

அன்று கூடாரத்தில் தேநீர் கொடுத்தோம். ஃபிலோமின் சட்டியில் சுட்ட, பானக் என்கிற எங்கள் தடித்த ரொட்டி, மேலே வாத்துக் கொழுப்பு. செலெஸ்தின் சாப்பிட்டாள். நாங்கள் ஒவ்வொருவராகப் பெயரைச் சொன்னோம். நான் என் பெயரைச் சொன்னபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அவள் வருவதற்கு முன்பே நான் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன்.

"யாரும் அவகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. எங்க இருந்த, எப்படி இருந்த, அவங்க அடிச்சாங்களா, சோறு போட்டாங்களா, எதுவும் வேண்டாம். தூரத்துல இருந்து வந்தவ. அவளா பேசட்டும்."

"அது தெரியாதா சித்தப்பா," என்றான் இக்னாஸ்.

"வேலையும் குடுக்கக் கூடாது. நம்ம வீட்டுக்கு வந்தவங்க கையில வாளியக் குடுத்தாங்கன்னு பேரு வரக் கூடாது."

அகதா ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வாத்தின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். மாமன் மகள் என்பதால் என்னை எதுவும் சொல்லலாம் என்று அறுபது வருஷமாக உரிமை எடுத்துக்கொண்டவள்.

"மூச்சு விடலாமா மச்சான்? இல்ல அதுக்கும் உன்கிட்ட கேக்கணுமா?" என்றாள்.

இதெல்லாம் எங்கள் மரியாதை. வந்தவரைக் கேள்வி கேட்டுத் துளைப்பவன் எங்களிடையே மனிதனாகக் கருதப்பட மாட்டான். நான் சொன்னதில் தவறில்லை என்று அன்று நினைத்தேன். அந்த மரியாதை எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் வந்து இறங்கிய அன்றே காற்று நின்றுவிட்டது.

எங்கள் வேட்டையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். காற்றில்லாத நாளில் நாங்கள் சுட மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் ஒரு துப்பாக்கிச் சத்தம் சதுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகும். இறங்கி மேய்கிற அத்தனை வாத்தும் எழுந்துவிடும், பிறகு அந்த வருஷம் அங்கே இறங்காது. சுடுவது மட்டுமல்ல, கோடாரி எடுக்க மாட்டோம், வண்டியைக் கிளப்ப மாட்டோம், உரக்கப் பேசவும் மாட்டோம். நாய்கூடக் குரைக்காது, அதற்கும் தெரியும். விறகை ரம்பத்தால் மெல்ல அறுத்துக்கொள்வோம். பாத்திரத்தைப் பாத்திரத்தின் மேல் வைக்கும்போது நடுவில் துணி போடுவோம். பகல் முழுக்கக் கூடாரத்துக்குள், தரையில் பரப்பிய ஊசியிலைக் கிளைகளின் மேல் உட்கார்ந்து, தேநீர் குடித்து, வாத்துகள் தூரத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்போம். சின்ன வயதில் எனக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும். ஒன்பது கூடாரங்களிலும் அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இருக்காது. அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தால் அவள் வயிற்றுக்குள் தேநீர் இறங்குவது கேட்கும்.

இதை ஒருவரும் செலெஸ்தினிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் குழந்தைகளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, ஐந்து வயதுக்குள் அவர்களுக்கே தெரிந்துவிடும். அவள் நான்கு வயதில் போனவள்.

இரண்டாம் நாள் காலையில் அவள் வாளியை எடுத்துக்கொண்டு, உருக்கித் தண்ணீராக்கப் பனி அள்ளப் போனாள். ஃபிலோமின் பின்னால் ஓடி, சிரித்துக்கொண்டே வாளியை வாங்கிக்கொண்டாள். பிற்பகலில் அகதாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாத்தைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். நான் லோரெட்டாவைப் பார்த்தேன். லோரெட்டா எழுந்துபோய் அந்த வாத்தை எடுத்துக்கொண்டு, "நீங்க இருங்க அத்தை, ரெஸ்ட் எடுங்க," என்று ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

செலெஸ்தின் தன் வெறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அகதாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் அவள் என் சட்டத்தை மதிக்கவும் இல்லை, மீறவும் இல்லை. எங்கள் மொழியிலேயே அவளிடம் காதோரமாகப் பேசிக்கொண்டிருப்பாள். "உங்க அம்மா வாத்து உரிக்கிற லட்சணத்தப் பாத்திருக்கணும்டி. பாதி இறகு குழம்புல கெடக்கும். உங்க அப்பன் பல்லக் குத்திக்கிட்டே, ஆகா என்ன ருசிம்பான்." செலெஸ்தினுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் அகதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அகதா சிரித்தால் தானும் கொஞ்சம் சிரிப்பாள்.

மூன்றாம் நாளும் காற்றில்லை. நான்காம் நாளும் இல்லை. சதுப்பு முழுக்க வாத்து. அப்படி ஒரு கூட்டத்தை நான் இருபது வருஷமாகப் பார்த்திருக்கவில்லை. இக்னாஸ் கூடாரத் துணியைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்துவிட்டு, "காத்து மட்டும் எழும்பட்டும் சித்தப்பா, அடுத்த வருஷம் வரைக்கும் கறிக்குப் பஞ்சமில்ல," என்று குசுகுசுத்தான். நாங்கள் குசுகுசுப்பதை செலெஸ்தின் பார்த்தாள். நாங்கள் நிறுத்தியதையும் பார்த்தாள்.

நான்காம் நாள் மதியம் நான் ஆற்றங்கரையில் நின்று ஒரு கம்பால் பனிக்கட்டியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோரெட்டா வந்தாள். முகம் சரியில்லை.

"தாத்தா, அத்தை நாளைக்குக் காலைல ஊருக்குப் போகணுங்கறாங்க. அங்கேர்ந்து ஃப்ளைட்."

"ஏன்?"

"ஏன்னு நான் கேக்கலையே. நீங்கதான கேக்கக் கூடாதுன்னீங்க."

பனிக்கட்டி சாம்பலாகியிருந்தது. "நாளைக்குப் போனா உண்டு. இல்லேன்னா பனி உடைஞ்சு, தண்ணி ஓடி, படகு போறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்," என்றேன்.

"அவ்வளவுதானா தாத்தா? போகாதீங்கன்னு யாரும் சொல்ல மாட்டீங்களா?"

"போறேன்னு சொல்றவங்கள மறிக்கிறது நம்ம பழக்கமில்ல."

"நான் மூணு வருஷம் லெட்டர் எழுதினேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கும் காற்றில்லை என்பது நினைவிருந்தது. "எத்தன ஆபீஸ், எத்தன பேரு. இதுக்கா? இப்பப் போனா அவங்க திரும்ப வர மாட்டாங்க தாத்தா. எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். முகாமுக்குத் திரும்பியபோது இக்னாஸ் சறுக்குப் பலகையின் கயிறுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். காலையில் வண்டியைச் சத்தமில்லாமல் ஆற்று வளைவு தாண்டித் தள்ளிக்கொண்டுபோய்த்தான் கிளப்ப வேண்டும். அவனும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. போர்வையை மடித்து, அவள் உட்காரும் இடத்தில் இரண்டு மடிப்பாகப் போட்டான். நாங்கள் இப்படிப்பட்டவர்கள். ஒருவர் போவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொடுப்போம்.

அகதா என் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"மச்சான், இப்ப நீ அவகிட்டப் போயிப் பேசப் போறியா இல்லையா?"

"மெதுவாப் பேசு. காத்தில்ல."

"காத்து கெடக்குது கழுத. வாய்க்குள்ள பனிக்கட்டிய வச்சிருக்கியா நீ? நாலு நாளா பாக்கறேன், அந்தப் பொண்ணு உன் மொகத்தப் பாக்குது, நீ அடுப்பப் பாக்கற. அவ நாயிகிட்ட உக்காந்தா நீ எந்திரிச்சு வெளிய போற. என்ன இருக்கு உனக்கும் அவளுக்கும்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா." இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அந்த ஆகஸ்ட் மாசம் நானும் கரையிலதான் இருந்தேன். விமானம் தண்ணியில நிக்குது. ஆறு வத்திக் கெடக்குது, முழங்கால் சேறு. புது பூட்ஸ்ல சேறு ஆகக் கூடாதுன்னு அவளத் தோள்ல தூக்கிட்டுப் போனது யாரு? அவ உன் ரெண்டு காதையும் பிடிச்சிக்கிட்டிருந்தா. நான் பாத்தேன். முப்பத்தாறு வருஷமா அதப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?"

"கேட்டதில்ல."

"மரியாதைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இப்பத்தான் தெரியுது, அது சோம்பேறித்தனம். உன்ன ஒருதடவ புடிச்சு உலுக்கியிருந்தா எப்பவோ கொட்டியிருப்ப."

அவள் என் கையை விட்டாள்.

"உன் பெருமைய நாளைக்கு அந்தச் சறுக்குப் பலகையில அவகூடவே ஏத்தி அனுப்பிடு. அதையாவது ஒருத்தர் தெக்கால கொண்டுபோகட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சமையல் கூடாரம் கம்புகளைக் கூம்பாக நிறுத்தித் துணி சுற்றியது. நடுவில் நெருப்பு. குறுக்குக் கம்பிலிருந்து இரண்டு வாத்துகள் கயிற்றில் தலைகீழாகத் தொங்கின. எங்கள் வாத்து அப்படித்தான் வேகும். கயிற்றை முறுக்கி விட்டால் தானாகச் சுற்றும், முறுக்கு தீர்ந்ததும் மறுபக்கம் சுற்றும், நின்றதும் மறுபடி முறுக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கீழே வைத்த தட்டில் கொழுப்பு சொட்டும். முறுக்கிக்கொண்டிருந்த ஃபிலோமின் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். செலெஸ்தின் மட்டும் எதிரே கிளைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். பயணப் பை பக்கத்திலேயே இருந்தது.

எனக்கு ஆங்கிலம் தெரியும். ரேடார் தளத்தில் ஆறு வருஷம் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டிக் கற்றது. அந்த ஆங்கிலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"அன்னைக்கு உங்க அப்பா ஊர்ல இல்ல," என்று தொடங்கினேன். "உள்காட்டுல இருந்தார். அம்மா காய்ச்சல்ல படுத்திருந்தா. நர்ஸ் வந்து, இங்க ஆங்கிலம் தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டா. எல்லாரும் என்னக் காட்டினாங்க. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. என்னை மிஸ்டர்னு கூப்பிட்டா. ஒரு தாள நீட்டினா. மேல பாதியப் படிச்சேன், ஆஸ்பத்திரின்னு இருந்துச்சு. கீழ பாதி சின்ன எழுத்து. எனக்குச் சரியாப் புரியல. புரியலைன்னு அவகிட்டச் சொல்ல வாய் வரல. கையெழுத்துப் போட்டேன்."

நின்றுபோன கயிற்றை ஒருமுறை முறுக்கி விட்டேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கடிதம் வந்துச்சு, உன்ன ஒரு குடும்பத்துக்குக் குடுத்துட்டதா. உங்க அப்பாவுக்கு அதப் படிச்சுக் காட்டினவனும் நான்தான். குடும்பத்தார் சம்மதத்தோடன்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. அந்த வரிய மட்டும் நான் படிக்கல. அவங்க தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு எல்லாரும் பேசினாங்க. நானும் பேசினேன்."

எழுபது வயதில் இதைச் சொன்னேன். என் பெண்டாட்டிகூட இது தெரியாமல்தான் மண்ணுக்குள் போனாள்.

செலெஸ்தின் பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். அரசாங்கக் கோப்பிலிருந்து பிரதி எடுத்தது. கீழே என் கையெழுத்து. வாலிபத்தில் பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு வால் போட்டு எழுதுவேன், அந்த வாலும் அப்படியே இருந்தது.

"இது ரெண்டு வருஷமா என்கிட்ட இருக்கு," என்றாள். "முதல் நாள் உங்க பேரைச் சொன்னீங்களே, அப்பவே நீங்கதான்னு தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"இங்க கேள்வி கேக்கறது மரியாதை இல்லைன்னு லோரெட்டா எழுதியிருந்தா. நீங்களே சொல்வீங்கன்னு காத்திருந்தேன். ஒரு நாள், ரெண்டு நாள். யாருமே பேசல. நான் உள்ள வந்தா குசுகுசுப் பேச்சையும் நிறுத்திடறீங்க. ஒரு பாத்திரத்தக்கூட என் கையால தொட விடல. சரி, நான் வந்தது இவங்களுக்குப் பிடிக்கல, ஒரு சாவு வீடு மாதிரி ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

நான் பதில் சொல்வதற்குள் கூடாரத் துணி விலகியது. இக்னாஸ் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. ஆங்கிலம் அவனுக்கும் புரியும்.

"அப்பா உன்ன நம்பித்தான் செத்தாரு," என்றான்.

அவன் என்னை அதுவரை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

"கடைசி வாரத்துல கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? எலியாஸ் மட்டும் அன்னைக்கு இல்லேன்னா அந்த நர்சுகிட்டப் பேசக்கூட ஆள் இருந்திருக்காது, பாவம் அவனால முடிஞ்சதச் செஞ்சான்னு சொன்னாரு. நான் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

திரும்பிப் போனான். அவன் காலடி விறகுக் குவியல் பக்கம் போனது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

இக்னாஸ் கோடாரியை எடுத்துவிட்டான். விறகு பிளக்கத் தொடங்கினான். காற்றே இல்லாத அந்தப் பிற்பகலில் ஒவ்வொரு வெட்டும் துப்பாக்கி வெடித்ததுபோல இருந்தது. நாய் எழுந்து குரைத்தது. ஃபிலோமின் "இக்னாஸ், என்ன பண்றீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவன் நிறுத்தவில்லை. நாங்கள் வெளியே வருவதற்குள் சதுப்பு முழுக்க எழுந்துவிட்டது. ஓடை முனையில் முதலில் ஒரு கூட்டம், பிறகு அதற்கப்பால், பிறகு விரிகுடா விளிம்புவரை. ஆயிரம், பத்தாயிரம், யாரால் எண்ண முடியும்? இறக்கைச் சத்தத்தில் கூடாரத் துணி அதிர்ந்தது. கத்திக்கொண்டே தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றின. வடக்கே திரும்பின. சிறிது நேரத்தில் வானம் காலியாகிவிட்டது.

இக்னாஸ் கோடாரியைப் போட்டுவிட்டு வெட்டிய கட்டையின் மேலேயே உட்கார்ந்தான்.

அகதா வானத்தைப் பார்த்துக்கொண்டே, "போச்சு. வருஷத்துக் கறி பறந்து போவுது. ராசா, கோவத்தக் காட்ட உனக்கு வேற நாளே கெடைக்கலையா?" என்றாள்.

செலெஸ்தின் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு? விறகு வெட்டினா என்ன?" என்று லோரெட்டாவிடம் கேட்டாள். நான்கு நாட்களில் அவள் கேட்ட முதல் கேள்வி.

லோரெட்டா சொன்னாள். காற்றில்லாத நாளில் சத்தம் போடக் கூடாது, வாத்து போய்விடும், அதனால்தான் நாங்கள் நான்கு நாட்களாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம் என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் உறைத்தது.

"வாத்துக்காகவா?" என்றாள் செலெஸ்தின்.

"ஆமா அத்தை."

"என்னால இல்லையா?"

"உங்களாலயா? ஐயோ, இல்ல அத்தை."

செலெஸ்தின் காலியான வானத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பழக்கதோஷம், நான்கு நாட்களில் அவளும் எங்களைப்போலச் சத்தமில்லாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. இக்னாஸ் எழுந்து வந்து அவள் எதிரில் நின்றான். தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து, காதுவரை இழுத்துவிட்டான். நான்கு வயதில் அவள் போனபோது அவனுக்குப் பதினோரு வயது.

"ஏ, அங்க யாரு நெருப்புகிட்ட?" அகதா கத்தினாள். இனி கத்துவதற்குத் தடையில்லை. "ஒருத்தரும் இல்லையா? மிஞ்சின ரெண்டு வாத்தையும் கருக்கிடுவீங்க போலிருக்கே!" செலெஸ்தினின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், கயிற்றை அவள் விரல்களில் திணித்தாள். "இந்தா, முறுக்கு. அப்படியில்லடி, மூடியத் திருகற மாதிரி. ஆங். இப்ப விடு. நின்னுச்சுன்னா மறுபடி முறுக்கு. நின்னா கருகும், கருகினா நீதான் திங்கணும்."

செலெஸ்தினுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. முறுக்கினாள், விட்டாள். வாத்து சுற்றியது. ஒரு பக்கம் கொஞ்சம் கருகித்தான் போயிருந்தது. அன்று அந்தக் கருகிய பக்கத்தை அவள் தட்டிலேயே அகதா வைத்தாள், சொன்னபடியே.

மறுநாள் காலை பனிக்கட்டி மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இக்னாஸ் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்பக் கெளம்பினா போயிடலாம். மத்தியானம் ஆச்சுன்னா முடியாது," என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு, எங்கள் குடும்பத்தில் நான் அறிந்து யாரும் யாரிடமும் கேட்டிராததைக் கேட்டான். "போகாம இருக்கியா?"

"படகுல போறேன்," என்றாள்.

படகு போக மூன்று வாரம் ஆயிற்று. வாத்து அதிகம் கிடைக்கவில்லை. முயலும் மீனும் தின்றோம். செலெஸ்தின் தண்ணீர் சுமந்தாள், கிளை வெட்டிவந்து கூடாரத்தில் பரப்பினாள். இறகு பிடுங்குவதில் அவள் அம்மாவைவிட மோசம் என்று அகதா ஊருக்கே உத்தரவாதம் கொடுத்தாள். ஒருநாள் ஆறு இடிபோல முழங்கி உடைந்தது. வீடு அளவுப் பனிப்பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கடலுக்குப் போவதை எல்லோரும் மேட்டில் நின்று பார்த்தோம். அன்றைக்கு இருந்த வெயில் இப்போது எழுதும்போதும் என் முதுகில் இருக்கிறது. இன்றைக்கு அகதா உயிரோடு இல்லை. ஃபிலோமினும் இல்லை. செலெஸ்தின் வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் வந்துவிடுகிறாள். காற்று நின்றால் அவள்தான் முதலில் பாத்திரங்களுக்கு நடுவே துணி போடுகிறாள்.

இக்னாஸ் பதினோரு நாட்கள் என்னிடம் பேசவில்லை. தேநீரை என் முன்னால் வைப்பான், போய்விடுவான். பன்னிரண்டாம் நாள் காலை வெளியே நின்று, என்னைப் பார்க்காமல், "சித்தப்பா, காத்து எந்தப் பக்கம்னு சொல்லுங்க," என்றான். மேற்கு என்றேன். அவ்வளவுதான். கையெழுத்தைப் பற்றி ஊருக்கு அவன் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது நானேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, இந்தப் பத்து வருஷமாக ஓயாமல் நடக்கிறது. எலியாஸ் அந்தச் சமையல் கூடாரத்தில் செலெஸ்தினின் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார் என்கிறார்கள். அது தவறு. நான் மண்டியிடவில்லை. அவள் வாத்துக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் கிளைகளின் மேல் உட்கார்ந்துதான் கேட்டேன்.